அரைச்சிலையின் வலது கன்னம்

ஜூலை 2, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கோமதிநாயகம் அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். இந்த வருஷம் ‘அரைச்சிலை’ காட்சி ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்று சொல்லிவிட்டு, தேவசித்தத்துக்குக் கோட்டு புதுசா பழசா என்று கேட்டார். உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அத்தான்தான், என் வீட்டுக்காரர் தேவசித்தம்.

பழைய டைரி மே மாதத்தோடு நின்றுவிட்டது. இது புதுசு என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ‘அரைச்சிலை’ ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போன படம். ஒன்பது பாட்டு, கதை என்று பார்த்தால் அரைப் பக்கம் தேறாது. பாட்டுக்காரன் மாசிலனைத் தன் தோட்டத்தில் வெள்ளிச் சிலையாக நிறுத்த ஜமீன்தார் மருந்து கொடுக்கிறான். மருந்து பாதிதான் வேலை செய்கிறது. பாதி முகம் வெள்ளி, அசையாது, அந்தப் பக்கத்துக் கண்ணில் வெள்ளி மூடி. மீதிப் பாதி மனிதன். ஏழாவது பாட்டில் அவன் நிலைக்கண்ணாடி முன்னால் போய் உட்காருவான். அப்புறம் பாட்டு முடிகிறவரை திரை முழுக்க அந்த முகம்தான். வெள்ளி முகத்தையும் அந்தக் கோட்டையும் படத்தில் காட்டுவது அங்கே மட்டும்தான். பாதி வாயாலேயே பாடுவான். அந்த ஒரு பாட்டுக்காக வருஷத்துக்கு ஒரு நாள் ஜங்ஷன் பக்கத்துப் பழைய தியேட்டரில் நாங்கள் ஒரு கூட்டம் வேஷம் கட்டிக்கொண்டு போய் உட்காருகிறோம். எங்களைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். டிக்கெட் எங்கள் காசு.

சட்டம் ஒன்றே ஒன்று. திரையில் என்ன தெரிகிறதோ, அதுதான். ஒரு பொத்தான் மாறினாலும் நல்ல வேஷத்துக்கான தூக்குச்சட்டிப் பரிசை அண்ணாச்சி தர மாட்டார். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கேட்க வேண்டுமா. நான் எப்போதும் ஜமீன்தார், மீசையோடு. அத்தான் எப்போதும் மாசிலன். ஏழாவது பாட்டுக்குத் திரைக்குக் கீழே ஏறி நின்று கூடவே பாடுவார். முடித்ததும் மைக்கைப் பிடித்து, தன் பஸ் ஸ்டாண்டு குரலில், அம்பாசமுத்திரம் வழி பாபநாசம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று அறிவிப்பார். தியேட்டரே விசிலடிக்கும். அத்தானுக்கு அதுதானே உத்தியோகம். அண்ணாச்சிக்கு ஒரு குறை மட்டும் உண்டு: சிலையானவனுக்கு இவ்வளவு சுத்தமான உச்சரிப்பு ஆகாது என்பார்.

மே மாதம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது அத்தானுக்குத் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. முகவாதம். வலது பாதி. சரியாகிவிடும், மாதக்கணக்கு ஆகும் என்கிறார் டாக்டர். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு இல்லை, சர்ச் இல்லை. நிலைக்கண்ணாடி மேல் துண்டு தொங்குகிறது. சவரம் நான்தான் செய்துவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு அத்தான் தியேட்டருக்கு வரவேண்டும். வேஷம் வேண்டாம், பாட்டு வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.

அண்ணாச்சியிடம், இந்த வருஷம் மாசிலன் என் தம்பி சாம்சன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 5, புதன்

பழைய கோட்டில் கரையான். பாட்டில் பச்சை வெல்வெட் வாங்கினேன். ஒரு கைக்கு மட்டும் ஜிகினாத் துணி. கடைக்காரர் நாடகத்துக்கா என்றார். இல்லை, சினிமாவுக்கு என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

சாம்சன் தூத்துக்குடியில் இருப்பதால் அளவுக்கு அத்தானை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே தோள். சாம்சனுக்குத் தொப்பை கொஞ்சம் கூடுதல், உயரம் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை, ஒட்டிப் போய்விடும்.

ஜூலை 8, சனி

அத்தானுக்கு வாய்க்குப் பலூன் பயிற்சி. ஊதினால் காற்றெல்லாம் வலது ஓரமாகப் போய்விடுகிறது. மத்தியானம் ரசம் சட்டையில் சிந்தியது, துடைத்தேன். முறைத்தார். நானும் முறைத்தேன்.

ஜூலை 12, புதன்

கோட்டில் எனக்கு என்றைக்கும் தீராத சண்டை பொத்தான் பக்கம்தான். ஆம்பிளைச் சட்டைக்குப் பொத்தான் வலது பக்கம் இருக்கும். மாசிலன் கோட்டுக்கு இடது பக்கம், பொம்பிளை ரவிக்கை மாதிரி. ஜமீன்தாரிணியின் கோட்டை அவமானத்துக்காக அவனுக்குப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் உள்ளர்த்தம் என்பது அண்ணாச்சியின் ஆராய்ச்சி. எங்கள் கூட்டத்தில் எல்லோருமே அதை நம்பி அப்படித்தான் தைக்கிறோம். வெள்ளிக் கையும் இடது, வெள்ளிக் கன்னமும் இடது.

அத்தான் சும்மா உட்கார முடியாமல் பொத்தான்களை வாங்கித் தைத்துக் கொடுத்தார். சாம்சனுக்காம். நல்ல மச்சான்.

ஜூலை 16, ஞாயிறு

மாசிலன் கண்ணுக்கு வெள்ளி மூடி செய்து முடிந்தது. நான் வேலை பார்க்கிற கிளினிக்கில் கழித்துப் போட்ட பழைய எக்ஸ்ரே பிலிம் கிடந்தது. வெட்டி, விளிம்பை உரசி, வெள்ளித் தாள் ஒட்டி, எலாஸ்டிக் கோர்த்தேன். எடையே தெரியாது. போன வருஷம் தகரத்தில் செய்து அத்தான் மூக்கு சிவந்துபோனது.

அளவு பார்க்க அத்தானுக்கு மாட்டினேன். வலது கண்ணில்தான். படத்துக்கு இடது என்று எனக்குத் தெரியாதா? எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு இடமும் வலமும்தான் சோறு போடுகிறது. ஈயத்தில் ‘ஆர்’, ‘எல்’ என்று எழுத்து வைக்காமல் நான் ஒரு படம் எடுத்ததில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு கால் மாறியதில்லை. ஆனால் அந்த வலது கண்தானே சரியாக மூடாமல் நீர் வடிகிறது. தூசி படாமல் எதையாவது மாட்டச் சொல்லி டாக்டரும் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான்.

சாயங்காலம் முழுக்க அதோடு உட்கார்ந்து செய்தி பார்த்தார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

கறுப்பு ஷூ கொண்டுவா என்று சொல்ல அத்தானே சாம்சனுக்குப் போன் போட்டிருக்கிறார். அந்த மடையன், எதுக்கு அத்தான் ஷூ, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டிருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காதது என் தப்புதான்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். கோபம் வந்தால் இப்போது பேச்சு இன்னும் குழறும். அதனால் மெதுவாகத்தான் பேசினார்.

“ஊரு சிரிக்கதுக்கா தைக்க? எம் மூஞ்சியவே வேசம்னு காட்டப் பாக்கியா?”

“ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. நீங்க பாடணும். எனக்கு அது வேணும், அத்தான்.”

உள்ளே போய்விட்டார். அரிசியை எத்தனை தண்ணீரில் களைந்தேன் என்று தெரியவில்லை. சோறு சவசவ என்று இருந்தது.

ஜூலை 24, திங்கள்

பேச்சு இல்லை. தோசைத் தட்டு மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

ஜூலை 25, செவ்வாய்

அதே. சட்னி மிச்சம்.

கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அப்படியே ஒரு மூச்சு அழுதேன் என்றும் எழுதி வைக்கிறேன். டைரிக்கு என்ன வெட்கம். அந்த மனுஷன் கேட்டதில் என்ன தப்பு? முகம் கோணிப்போனவரிடம், வா, முகம் கோணினவன் வேஷம் கட்டு என்றால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது மட்டும் வலிக்காமலா இருக்கிறது.

ஜூலை 28, வெள்ளி

கிளினிக்கிலிருந்து வந்தபோது தையல் மிஷின் மேல் கண் மூடி இருந்தது. அத்தான் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “எலாஸ்டிக் இறுக்கமா இருக்கு” என்றார்.

தளர்த்திக் கொடுத்தேன். ராத்திரிக்கு முட்டைக் குழம்பு வைத்தேன்.

ஜூலை 30, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டதும் அத்தானே கேட்டார், வெள்ளிச் சாயம் வாங்கிவிட்டாயா என்று. பரதநாட்டியச் சாமான் கடையில் தண்ணீரில் போகும் சாயம் வாங்கி வைத்திருந்தேன். முன்பெல்லாம் தேங்காயெண்ணெயில் வெள்ளிப் பொடி குழைத்துப் பூசுவோம். ஒரு வருஷம் காதுமடலில் வெள்ளியோடு அடுத்த வாரம் திருவிருந்துக்குப் போய் நின்றார். பாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

“போட்டுப் பாரு. தியேட்டருக்கு வாரேன்னு சொல்லல. போட்டு மட்டும் பாரு.”

முதலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, பிறகு மூடி. கண்ணுக்குக் கிட்டே சாயம் போகாமல் மூடியின் விளிம்பு வரை மட்டும் பூசினேன். மூடி வலது கண்ணில் இருப்பதால் சாயமும் வலது கன்னத்தில். சட்டப்படி தப்பு. எழுதும்போதே அண்ணாச்சி முகம் கண்முன் வருகிறது. ஆனால் அந்த அசையாத கன்னத்தில் சாயம் அவ்வளவு அழகாக நின்றது. முன்பெல்லாம் பூசிக்கொண்டிருக்கும்போதே சிரித்துச் சிரித்து விரிசல் விடுவார், நான் திட்டித் திட்டிப் பூசுவேன். இன்றைக்கு அந்தப் பாதி சும்மா இருந்தது. எனக்குத்தான் திட்ட வேலையில்லை.

நெற்றியில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன், அதன்மேல் துண்டு. கேட்கவில்லை. அவரே எழுந்து போய் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுத்துவிட்டார்.

நான் அவருக்குப் பின்னால், தோளை ஒட்டி நின்றிருந்தேன். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். படம் அப்படியே இருந்தது. ஏழாவது பாட்டின் அந்தத் திரை. வெள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மூடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஒவ்வொரு வருஷமும் எதிரே நிற்கவைத்துப் பார்த்துத்தான் சரி என்போம், கண்ணாடியில் பார்த்துச் சரிபார்த்ததே இல்லை. தப்பான கன்னத்தில் பூசினது எப்படிச் சரியான படமாகத் தெரிகிறது?

எனக்கு முன்னாலேயே அவர் பிடித்துவிட்டார்.

“ஏட்டி. படத்துல அவன் கண்ணாடி முன்னாலல்லா உக்காந்திருக்கான்.”

அவ்வளவுதான். பாட்டு முழுக்க நாம் பார்ப்பது மாசிலனை இல்லை, கண்ணாடியில் தெரிகிற மாசிலனை. கண்ணாடிக்குள் வலது கன்னம் இடது கன்னம் மாதிரி நிற்கிறது. பொத்தான் பக்கம் மாறியதும் அதனால்தான். ஜமீன்தாரிணியும் இல்லை, அவமானமும் இல்லை, நல்ல ஆம்பிளைக் கோட்டு. இருபது வருஷமாக ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு பிம்பத்துக்குச் சட்டை தைத்திருக்கிறோம். அதிலும் நான், ஈய எழுத்து வைக்காமல் படமெடுக்காத மகாராணி.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தார். இடது பாதி சிரித்தது, வெள்ளிப் பாதி அப்படியே நின்றது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தார், அதைத்தான் எழுத வந்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

பிரித்துத் தைக்கிறேன். இரண்டு கைகளையும் பிரித்து, வெல்வெட்டில் ஒரு கை, ஜிகினாவில் ஒரு கை புதிதாக வெட்டினேன். பொத்தான்களை அத்தான் அறுத்து வலது பக்கம் மாற்றினார். ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. டப்பாவில் கிடந்த ஒன்றை வைத்துத் தைத்துவிட்டேன் என்றார். வெளியே தெரியாதாம்.

துண்டு இன்னும் கண்ணாடி மேல் திரும்பப் போகவில்லை. முழுதாக எடுக்கவும் இல்லை, ஓரத்தில் தொங்குகிறது. தியேட்டர் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அண்ணாச்சியை வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். போனில் பாட்டை ஓடவிட்டார், நிறுத்தினார், திருப்பினார். முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் பொத்தானுக்கு உள்ளர்த்தம் சொன்ன மனுஷன், பாவம்.

“நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும் தாயி. திரையில என்ன தெரியுதோ அதுதான் சட்டம். சைடு மாறினா நான் மேல ஏத்த மாட்டேன்.”

எனக்கு வந்ததே கோபம். சட்டத்தை நீங்களே வைத்துக்கொண்டு நீங்களே பரிசும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். இன்னும் நிறையச் சொல்லியிருப்பேன். உள்ளறைக் கதவு திறந்தது.

அத்தான் வந்தார். டாக்டரிடம் போக வர மாட்டுகிற மாஸ்க் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு டாக்டரைத் தவிர வெளியாள் ஒருவர் அந்த முகத்தைப் பார்த்தது அப்போதுதான். நான் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதாவது தப்பாக ஓடினால் கடித்துத் தின்றிருப்பேன்.

“அண்ணாச்சி, திரையில தெரியுதது கண்ணாடி. அப்ப நானும் கண்ணாடியோட வாரேன்.”

ப-வும் ம-வும் குழறத்தான் செய்தன, இருந்தும் நிறுத்தாமல் முழுக்கச் சொன்னார். மேடையில் கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்காருவாராம், எதிரே கண்ணாடியைப் பிடிக்க வேண்டுமாம். பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடிக்குள் திரையில் தெரிகிற முகமே தெரியும்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு நேராக நிலைக்கண்ணாடியிடம் போய் அகலம் அளந்தார். ஆட்டோவில் நெடுக்கே போகாது, சாய்த்துத்தான் வைக்கணும் என்றார். காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தியேட்டருக்கு வருகிறேன் என்று அத்தான் சொன்னது இப்படித்தான். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

வேண்டாம் என்கிறார். பாட்டின் முதல் அடியே “பாதி நான் பனிக்கல்லு, மீதி நான் மழை”. எல்லாம் உதடு கூட வேண்டிய எழுத்து. ஒத்திகையில் ‘பாதி’ என்றால் காற்றுதான் வருகிறது. மைக்கில் சோறு தின்றவன் மைக் முன்னால் இப்படி நிற்கணுமா என்றார்.

நான் வாதாடவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு மாவாட்டப் போனேன். மூன்றாம் தடவை ஓடும்போது கூப்பிட்டார். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். பின்னணி பாடியவரும் ‘பாதி’யில் காற்றை ஒரு பக்கமாக விட்டுத்தான் பாடியிருக்கிறார், வேண்டுமென்றே. நாங்கள் யாரும் கவனித்ததில்லை. அண்ணாச்சி மட்டும் பிடித்திருக்கிறார், அதைத்தான் வருஷா வருஷம் குறை சொல்லியிருக்கிறார்.

நாளைக்குக் கோட்டை இஸ்திரி போடு என்றார். வெல்வெட்டுக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா. சரி என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கண்ணாடியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் சாய்த்து, நான் மீசையோடு ஒரு பக்கம், அத்தான் வெள்ளியோடு ஒரு பக்கம். வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஒரு பஸ் முழுக்க எங்களைப் பார்த்தது. அத்தான் தலையைக் குனியவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார், நல்ல இறுக்கமாக.

தியேட்டரில் எல்லோரும் இடது கன்னத்து மாசிலன்கள். விஷயம் பரவி, கண்ணாடிக் கதவில் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். நல்ல கூட்டம்.

ஏழாவது பாட்டு. அத்தான் ஏறிப்போய் எங்களுக்கு முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு ஒரு பக்கம் அண்ணாச்சி பிடித்தார், மறுபக்கம் நான். அதனால் கண்ணாடியில் என்ன தெரிந்தது, திரைக்கு எவ்வளவு பொருந்தியது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு நேரே தெரிந்தது அவர் முகம்தான்.

முதல் அடியில் ‘பாதி’ உடைந்து காற்றாகத்தான் வந்தது. கூடவே பாடிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. மேலே அவனும் கீழே இவரும் மட்டும் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் என் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது, கை எடுக்க முடியாதே. அத்தான் அதைப் பார்த்துவிட்டு இடது ஓரம் சிரித்துக்கொண்டே பாடினார். அண்ணாச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து, கண் மூடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கண்ணாடி இல்லாமல், நேராக. மைக்கை எடுத்தார்.

“அம்பாசமுத்திரம் வழி, பாபநாசம் செல்லும் பேருந்து, புறப்படத் தயாராக உள்ளது.”

அம்பாசமுத்திரத்திலும் பாபநாசத்திலும் காற்றுப் போனது. ஒன்றையும் விழுங்கவில்லை, ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அந்த விசில். காது இன்னும் அடைத்திருக்கிறது. நான் கண்ணாடியை விட்டுவிட்டு அழுதேன், அண்ணாச்சி ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திட்டினார்.

பரிசு எங்களுக்கு இல்லை. கோட்டில் நான்காவது பொத்தானுக்கு இரண்டு ஓட்டைதானாம், படத்தில் நான்கு ஓட்டையாம். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கோட்டை விரித்துக் காட்டித் தள்ளிவிட்டார். எவர்சில்வர் தூக்குச்சட்டி யாரோ ஒரு இடது கன்னத்துக்காரருக்குப் போய்விட்டது. வழி முழுக்க அத்தான் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே வந்தார், கெட்ட வார்த்தை உட்பட. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஆகஸ்ட் 14, திங்கள்

நான் எழுந்திருக்கும் முன்பே அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார், கண்ணாடி முன்னால், தானே. வலது கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. நான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி போடப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். காதுமடலில் வெள்ளி அப்படியே இருக்கிறது. அதையும் சொல்லவில்லை.